கரை ஏறிய கல்யாணப் படகு

மதகுக்கு இரண்டு பூட்டு. உள்பூட்டின் சாவி ஆறண்ணன் லியெம்மின் இடுப்பில், வெளிப்பூட்டின் சாவி எட்டண்ணன் ஹென்னின் இடுப்பில். பிறந்த வரிசை எண்ணைச் சேர்த்துக் கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் பலகை மேலே ஏறும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் ஒற்றுமை வளரட்டும் என்றுதான் யோசித்தார்கள். பாவம், அவர்களுக்கு ஆறண்ணனையும் தெரியாது, எட்டண்ணனையும் தெரியாது.

உள்ளே நெல், வெளியே இறால். மதகுக்கு இந்தப் பக்கம் ஒரு மாகாணம், அந்தப் பக்கம் இன்னொன்று. மேலிருந்து வருகிற ஆற்றுத் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. அந்த இடத்தைக் கடல் சும்மா விடவில்லை, கூப்பிடாத விருந்தாளியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத் தடுக்கத்தான் மதகு. மதகை மூடினால் நெல் பிழைத்தது. ஆனால் வெளிக்கால்வாய் முட்டுச்சந்தாகித் தண்ணீர் ஓடாமல் நாறியது, இறாலுக்கு நோய் வந்தது. திறந்தால் இறால்காரர்கள் சிரித்தார்கள், நெல்காரர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். இதைப் பேசித் தீர்க்க இரு மாகாணத் தண்ணீர் ஒருங்கிணைப்புக் குழு என்று ஒன்றை வைத்து, நெல்லுக்கு லியெம்மையும் இறாலுக்கு ஹென்னையும் பிரதிநிதி ஆக்கினார்கள். குழு கூடியது, சாப்பிட்டது, கலைந்தது. மறுபடி கூடியது.

அத்தனை கூட்டத்திலும் முடிவான விஷயம் ஒன்றே ஒன்றுதான். தேநீர் கொடுக்க வந்த லியெம்மின் மகள் தியெப்பும், அப்பாவைப் படகில் கொண்டுவந்து விட்ட ஹென்னின் மகன் லாமும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அதற்கு இரண்டு பூட்டும் தேவைப்படவில்லை.

லியெம்மின் பெண்டாட்டி பெயர் லுவா. புருஷன் பிறந்த வரிசையில் ஆறு என்பதால் ஊருக்கு அவள் ஆறக்கா. விஷயம் தெரிந்தபோது அவள் அழவும் இல்லை, ஆடவும் இல்லை. உப்புக் கரைக்கா பெண்ணை அனுப்புவது என்று ஒரு நாள் யோசித்தாள். பையன் நல்ல பையன், குடிக்க மாட்டான், அம்மா சொன்னால் கேட்பான், ஆனால் எல்லாவற்றையும் கேட்க மாட்டான். சரி என்று விட்டாள்.

நிச்சயதார்த்தத்தன்று ஹென் குடும்பம் வெற்றிலைத் தட்டோடு வந்தது. கூட்டங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருகிற இரண்டு பேரும் அன்று அரிசிச் சாராயத்தை ஒரே கோப்பையில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். ஜோசியர் குறித்துக் கொடுத்த நாளை ஹென் வாசித்தார். இரண்டாம் மாதம், பௌர்ணமி, குதிரை வேளை முடிவதற்குள், அதாவது பகல் ஒரு மணிக்குள், பெண் புகுந்த வீட்டு வாசல்படி ஏற வேண்டும். "பிரமாதம்!" என்றார் லியெம். "பிரமாதம்!" என்றார் ஹென். நாற்று நடுவதிலிருந்து நகம் வெட்டுவது வரை கடலின் ஏற்ற இறக்கம் பார்த்துச் செய்கிறவர்கள் இருவரும். பௌர்ணமி என்றால் கடல் எவ்வளவு ஏறும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது லுவாவுக்கு. மறுநாள் காலை அவள் கடுகுக்கீரையை உப்பில் அமுக்கிக்கொண்டிருந்தாள். லியெம் வலை ஊஞ்சலில் கிடந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தியெப் அப்பா, பௌர்ணமியன்னிக்கு மதகு தெறந்திருக்குமா, மூடியிருக்குமா?"

"மூடித்தான். கதிர் முத்துற நேரம், எவன் தெறப்பான்? தெறக்கச் சொல்லட்டும், சாவியை முழுங்கிடுறேன்."

"அப்ப படகு?"

"எந்தப் படகு?"

"ஒங்க மக போற படகு."

ஊஞ்சல் நின்றது. லியெம் எழுந்து உட்கார்ந்து, கால்வாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி படுத்துக்கொண்டார்.

கரைமேல் இருந்த சிமெண்டுப் பாதை போன மழைக்காலத்தில் நீளமாகக் கால்வாய்க்குள் சரிந்து விழுந்திருந்தது. அதற்குப் பிறகு இரண்டு ஊருக்கும் நடுவே படகு ஒன்றுதான் வழி. மதகு மூடியிருந்தால் இந்தப் பக்கப் படகிலிருந்து இறங்கி, மண்கரைமேல் ஏறி, அந்தப் பக்கம் வேறு படகில் உட்கார வேண்டும். சந்தைக்குப் போகிறவர்கள் தினமும் அப்படித்தான் போனார்கள். ஆனால் கல்யாணப் பெண் போக முடியாது. நடுவழியில் படகு மாறுகிற பெண்ணுக்கு இரண்டு கல்யாணம் என்பது அந்த ஆற்றங்கரை முழுக்க எல்லாரும் அறிந்த விஷயம்.

"ஒன் அப்பன்கிட்ட சொல்லித் தேதியை மாத்தச் சொல்லு" என்று லுவா லாமுக்குப் போன் செய்தாள்.

"சொல்லிட்டேன் அத்தை. ஜோசியர் இதை விட்டா அடுத்த வருஷம்னுட்டாராம். கல்யாணப் பன்னிக்கும் முன்பணம் குடுத்தாச்சு."

"பன்னியை விடு. மதகு?"

"அதுக்குத்தான் குழுவைக் கூட்டச் சொல்லியிருக்காரு."

லுவா போனை வைத்துவிட்டுக் கீரைப் பானையை மூடினாள். குழுவுக்கு எத்தனை மீன் வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினாள். அவர்களுக்குச் சமைக்கப் போவது அவள்தான்.

குழுவின் செயலாளர் வின் நல்ல மனிதர். நகரத்திலிருந்து பைக்கில் வந்து, பாதை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, படகில் ஏறி, வழியில் யாராவது கொடுத்த இளநீரோடு வந்து இறங்குவார். இரண்டு பக்கமும் அவரைத் தன் ஆள் என்று ஊற்றிக்கொடுத்து ஊற்றிக்கொடுத்து, அவருக்கு வயிற்றுப் புண் வந்துவிட்டது. அவருடைய பத்தாண்டுத் திட்ட வரைபடத்தில் நெல் பச்சையாகவும் இறால் நீலமாகவும் இருந்தன. பச்சையும் நீலமும் தொடுகிற இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளை. அந்த வெள்ளைதான் மதகு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வயிற்றைத் தடவிக்கொள்வார்.

கூட்டத்தன்று லுவா விரால் மீனைக் கருமிளகு போட்டு மண்சட்டியில் வற்ற வைத்திருந்தாள். புளிக்குழம்பில் அன்னாசியும் தக்காளியும். ஹென்னும் அவர் மனைவி எட்டக்காவும் கரைக்கு இந்தப் பக்கம் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். லியெம் அன்று கூட்டத்தைத் தன் வழக்கப்படி தொடங்கினார். கால்வாய்க்குப் போய் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டு, கண்ணை மூடி, துப்பினார்.

"உப்பு ஏறிப்போச்சு. மதகு மூடியிருக்கறப்பவே இப்படி. நாக்கு பொய் சொல்லாது."

வின் பையிலிருந்து உப்பு மீட்டரை எடுத்து முக்கிப் பார்த்தார். "நல்ல தண்ணிதான் ஆறண்ணே. உப்பே இல்லை."

"காலையிலேருந்து கருவாட்டை மென்ன வாய், அதுக்கு எது உப்பில்லாம இருக்கும்?" என்றாள் லுவா. எட்டக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்திப் பெண்கள் இருவருக்கும் அந்த இடத்தில்தான் முதல்முறையாகப் பிடித்துப்போனது.

"சரி, விஷயத்துக்கு வருவோம்" என்றார் ஹென். "கல்யாணப் படகு போற நேரத்துக்கு மட்டும் மதகைத் தெறப்போம். படகு வெளிய வந்ததும் மூடிடுவோம். என் சாவி தயார்."

"பௌர்ணமி ஏத்தத்துல பலகையை ஒரு சாண் தூக்கினா என்ன ஆகும் தெரியுமா அண்ணே? ஊரு நெல்லு மொத்தமும் பதராயிடும். ஒங்களுக்கென்ன, கூடவே நாலு இறால் வந்தா பொறுக்கிக்குவீங்க."

"எங்க இறாலைப் பத்தி நீங்க பேசாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் தண்ணி ஓடலைன்னா குட்டையில இருக்குறதெல்லாம் செத்து மிதக்கும். ஒங்க அறுப்பு எப்ப?"

"அடுத்த பௌர்ணமி தாண்டித்தான்."

"அதுவரைக்கும் மூடி வெச்சா நான் கருமாதிச் சோறுதான் போடணும், கல்யாணச் சோறு இல்லை."

எட்டக்கா நடுவில் புகுந்தாள். "பொண்ணு எறங்கி ஏறுறது மட்டும் வேணாம், அதைச் சொல்லிட்டேன். இவரு தங்கச்சி கல்யாணத்துல பாதி வழியில படகு ஓட்டையாகி வேற படகுல ஏத்தினாங்க. மூணாம் மாசம் திரும்பி வந்தா. அப்புறம் செங்கச் சூளைக்காரனைக் கட்டிக்கிட்டா."

"நல்லாத்தானே இருக்கா?" என்றார் ஹென்.

"ரெண்டாவதுல நல்லா இருக்கா. என் மகன் மொதலாவதா இருக்கப் போறவன்."

எல்லாரும் வின்னைப் பார்த்தார்கள். வின் வாயில் இருந்த மீனை அவசரமாக விழுங்கினார்.

"ரெண்டாங் கட்டத் திட்டத்துல படகு போறதுக்குன்னு தனி வழி இருக்கு. மதகைத் தெறக்காமலே படகு போகலாம்."

"எப்ப கட்டுவீங்க?"

"ரெண்டு மாகாணமும் கையெழுத்துப் போட்டப்புறம்..."

"பேரன் கல்யாணத்துக்கு ஆகும்" என்றார் லியெம். ஹென் தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒத்துக்கொண்டது அன்றைக்கு அது ஒன்றைத்தான்.

பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. உப்பு, கதிர், பன்றி, ஜோசியர், மறுபடி உப்பு. ஹென் சொன்னதையே சத்தமாகச் சொன்னார், லியெம் சத்தமாகச் சொன்னதையே மெதுவாகச் சொன்னார். லுவா சட்டியில் மீன் தீர்ந்ததைப் பார்த்தாள், முறத்தில் கீரை வாடுவதைப் பார்த்தாள். வாசலில் தியெப் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் லுவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொண்ணு எறங்கக் கூடாது, அவ்வளவுதானே?" என்றாள். "மதகு தெறக்கக் கூடாது, அவ்வளவுதானே? அப்ப பொண்ணோட படகைத் தூக்கிக் கரை தாண்டி வெச்சிடுங்க."

வின் தன் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார், அதில் இப்படி ஒன்று இல்லை.

"தூக்கறதா?" என்றார்.

"இழுங்க. அந்தக் காலத்துல மண்ணணை மேல நெல்லுப் படகை இழுக்கலையா? வாழைத் தண்டை வெட்டிப் போட்டு, சேத்தைக் கொழச்சு விட்டு, இந்தப் பக்கம் நாங்க தள்ளுறோம், அந்தப் பக்கம் நீங்க இழுங்க."

"நெல்லுக்காரனும் இறால்காரனும் ஒரு கயித்தையா?" என்றார் ஹென், சாராயத்தைக் கீழே வைத்துவிட்டு.

"கயிறு ரெண்டு அண்ணே. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. ஒருத்தர் மேல ஒருத்தர் கை பட வேண்டியதில்லை."

லியெம்முக்குப் பெருமை தாங்கவில்லை. "என் பெண்டாட்டி" என்று வின்னிடம் சொன்னார், ஏதோ அவர் அதுவரை அறியாதது போல.

பௌர்ணமி அன்று விடியும்போதே வெளியே தண்ணீர் கரையின் கழுத்துவரை ஏறி நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து படகில் வந்து கரை ஏறினார்கள். சிவப்புக் காகிதம் சுற்றிய, முழுசாகச் சுட்ட பன்றியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த இரண்டு இறால்காரர்கள், உள்கரையில் கால் வைக்குமுன் ஒரு நிமிஷம் தயங்கினார்கள். போன வருஷம் அதே இடத்தில் நெல்காரர்கள் அவர்களைக் கட்டையோடு துரத்தியிருந்தார்கள். இப்போது அதே ஆட்கள் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வரிசையாக நின்று கும்பிட்டார்கள்.

"வாங்க வாங்க. பன்னி கனமோ?"

"கட்டையை விடக் கம்மிதான்."

இரண்டு பக்கமும் சிரித்தது. சிரித்த பிறகு ஒருவரையொருவர் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

முன்னோர் பீடத்துக்கு முன் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டாயிற்று. பெண்ணின் காதில் தோடு போட்டாயிற்று. லுவா மகளின் சிவப்புப் பட்டு அங்கியின் கழுத்துப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"அம்மா, மூணாவது தடவை போடுற."

"சும்மா இரு. நீ சரியா போட மாட்டே."

பெற்றவள் மகளோடு புகுந்த வீட்டுக்குப் போகிற வழக்கம் அங்கே இல்லை. அப்பா போவார், மாமன்மார் போவார்கள், அத்தை சித்தி எல்லாரும் போவார்கள். அம்மா தன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட வேண்டும். லுவா மட்டும் அன்று மதகு வரை போனாள். கயிறு பிடிக்க ஆள் போதாது என்றாள். ஆள் ஏகப்பட்டது இருந்தது, யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

மண்கரையில் வாழைத்தண்டுகள் வரிசையாகக் கிடந்தன. சேற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்திருந்தார்கள். படகின் மேல் நீர்ப்பனை ஓலையில் வளைவு கட்டி, நடுவில் தியெப், பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு லாம். வெளிப்பக்கம் முன்கயிற்றில் இறால்காரர்கள், தலைவர் ஹென். உள்பக்கம் பின்னால் தள்ளுகிறவர்கள் நெல்காரர்கள், தலைவர் லியெம். ஏறும்வரை தள்ள வேண்டும். உச்சி தாண்டியதும் படகு அந்தப் பக்கம் பாய்ந்து விழாமல் பின்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல விட வேண்டும்.

வின் இரண்டு பக்கத்திலும் சேராமல் நடுவில் நின்றார். "பின்கயித்தைப் புடிங்க செயலாளரே, பொறுப்புல இருக்கறவர்தானே!" என்று யாரோ கத்த, பிடித்தார். முதல் இழுப்பிலேயே ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது.

"ஏலே... இழு!"

"தள்ளு!"

"மொதல்ல தள்ளுங்கடா, அப்புறம் இழுப்போம்!"

"நீங்க இழுத்தாத்தானே தள்ள முடியும்!"

"இதைத்தான் ரெண்டு வருஷமா கூட்டத்துலயும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க" என்றாள் எட்டக்கா கரைமேல் நின்று, பெண் வீட்டார் வழக்கப்படி திருப்பிக் கொடுத்த பன்றிக் கால் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே.

ஒரு வழியாக இரண்டு சத்தமும் ஒரு சத்தமாகச் சேர்ந்தது. படகு நகர்ந்தது. வாழைத்தண்டு நசுங்கி நீர் தெறித்தது. லாம் குடையோடு பின்னால் சாய்ந்து தியெப் மடியில் விழுந்தான். "இன்னும் ராத்திரி ஆகலைடா!" என்று அவன் சிநேகிதர்கள் கூவினார்கள். லியெம் தோளைப் பலகையில் கொடுத்துத் தள்ளினார், கண்ணில் சேறு, வாயில் சேறு, கல்யாணக் கோட்டு முழுக்கச் சேறு. படகு உச்சியில் ஏறி, மூக்கு ஒரு மாகாணத்திலும் வால் இன்னொரு மாகாணத்திலுமாக நின்றது.

"நிறுத்துங்க" என்றாள் தியெப்.

"என்னாச்சும்மா? கால் மாட்டிக்கிச்சா?"

"ஒண்ணும் மாட்டிக்கலை. நான் இங்கேருந்து முன்னாலயும் போகலை, பின்னாலயும் போகலை. ஒங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு விஷயம் கேக்கணும்."

லுவா பின்கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். இந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அது அவளுடைய குரல்தான்.

"நேரமாகுதுடி" என்றார் லியெம்.

"அப்பா, அறுப்பு எப்ப?"

"இதையா இப்பக் கேப்பே?"

"குழுவுல என்ன சொன்னீங்க?"

"அடுத்த பௌர்ணமிக்கு அப்புறம்னு."

"வீட்ல அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

லியெம் வாழைத்தண்டைக் கவனமாகப் பார்த்தார். தியெப் அம்மாவைப் பார்த்தாள். லுவாவின் கையில் கயிறு, வாய் சும்மாதான் இருந்தது.

"வர்ற அமாவாசைக்குள்ள அறுத்துடலாம்னாரு" என்றாள். "குறுவை நெல்லுதானே."

வெளிப்பக்கம் ஒரே ஆரவாரம். "அப்படிப் போடு!" "நாக்கு பொய் சொல்லாதுன்னு சொன்னாரே!" ஹென் கயிற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார்.

"மாமா" என்றாள் தியெப், அவர் பக்கம் திரும்பி.

கைத்தட்டல் நின்றது.

"தண்ணி ஓடலைன்னா குட்டையில இருக்கற இறாலெல்லாம் செத்துடும்னு சொன்னீங்க."

"ஆமா. செத்துக்கிட்டே இருக்கு."

"எந்த இறால் மாமா? குட்டையைக் காயப் போட்டுச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கீங்க. குஞ்சே அமாவாசைக்கு அப்புறம்தானே வருது?"

இப்போது ஆரவாரம் உள்பக்கத்தில். நெல்காரர்கள் துள்ளியதில் படகு ஒரு சாண் பின்னால் சரிந்தது. ஹென் மகனைப் பார்த்தார். லாம் குடையை மெல்லத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"டேய்!"

"நான் ஒண்ணும் சொல்லலைப்பா" என்றது குடை. "அவ கேட்டா."

இரண்டு வருஷம் ஆனது, எத்தனை விரால் ஆனது, வின்னின் வயிற்றில் எத்தனை புண் ஆனது. இரண்டு பக்கமும் கூட்டிக் கூட்டிச் சொன்னதில் கூட்டியதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நடுவில் சண்டையே இல்லை. அமாவாசைக்கு நெல் வீட்டுக்கு வந்துவிடும், அமாவாசைக்கு இறால் குட்டைக்கு வரும். இதைக் கண்டுபிடிக்கப் பெண் ஒருத்தி சேற்றின் உச்சியில் பட்டுடுத்தி உட்கார வேண்டியிருந்தது.

"அமாவாசை வரைக்கும் மூடி வைக்கறது. அறுப்பு முடிஞ்ச மறுநாள் தெறக்கறது" என்றாள் தியெப். "சரியா அப்பா? சரியா மாமா? சரின்னு சொன்னா நான் ஒங்க வீட்டுக்கு வரேன். இல்லைன்னா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இங்கேயே குடித்தனம் வெச்சுக்கறேன். ரெண்டு மாகாணத்துலயும் ரேஷன் கெடைக்கும்."

லியெம் ஹென்னைப் பார்த்தார். ஹென் லியெம்மைப் பார்த்தார். தோற்றது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதுதான் ஒப்புக்கொள்ள வசதியாக இருந்தது.

"நெல்லுக்கு அடிக்கற மருந்துத் தண்ணி?" என்றார் ஹென், கடைசி வீம்பாக. "மதகைத் தெறந்ததும் அது மொதல்ல என் குட்டைக்குத்தானே வரும்? அதுக்கு யாரு பதில் சொல்றது? போன தடவையும் சொன்னாங்க, பாத்துக்கறோம்னு."

பதில் சொன்னது லுவா.

"நான் சொல்றேன் அண்ணே. இனிமே மருந்தடிச்ச தண்ணியில வீரியம் போற வரைக்கும் யாரும் வாய்க்காலைத் தெறக்க மாட்டாங்க. தெறந்தா நான் மம்பட்டியோட போய் நிப்பேன். இத்தனை நாள் அது ஒங்க தண்ணியா இருந்துச்சு, நான் பாக்கலை. தப்புதான். இனிமே என் பொண்ணு அதுலதான் கை கால் அலம்பப் போறா."

ஹென்னின் மீசை ஆடியது. "சரி சம்பந்தியம்மா" என்றார். அத்தனை கூட்டத்திலும் அவர் வாயிலிருந்து வராத சொல் அது.

வின்னுக்கு முகம் சிவந்து கண் கலங்கிவிட்டது. "இதை... இதை இப்பவே எழுதிக்கலாமா? ஒரு நிமிஷம், பேனா..."

"கயித்தை விட்டுட்டு எழுதாதேப்பா!" என்று இரண்டு மாகாணமும் ஒரே குரலில் கத்தியது.

கடல் ஏற்றம் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது. இனி தண்ணீர் இறங்கத் தொடங்கினால் அந்தப் பக்கம் சேறுதான் மிஞ்சும். லியெம் கரைமேல் ஏறி நின்று, ஹென்னுக்குக் கையைக் காட்டினார். முன்னால் மெல்ல இழுத்தார்கள், பின்னால் மெல்ல விட்டார்கள். நெல்காரன் பிடித்தால்தான் இறால்காரன் மகன் தலைகுப்புற விழாமல் இருப்பான், இறால்காரன் இழுத்தால்தான் நெல்காரன் மகள் போய்ச் சேருவாள். யாரும் யாரையும் திட்டவில்லை. படகின் மூக்கு உப்புத் தண்ணீரைத் தொட்டது, வால் தொட்டது, முழுப் படகும் ஒரு முறை ஆடி மிதந்தது. கரை இடிந்துவிடும் போல ஒரு கூச்சல் எழுந்தது. யாரோ வின்னைத் தூக்கித் தண்ணீரில் போட்டார்கள், அவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

எல்லாரும் பின்கயிற்றை விட்டுவிட்டார்கள். படகு இரண்டு முழம் போய் நின்றது.

"எது மாட்டியிருக்கு?" என்றார் ஹென்.

எதுவும் மாட்டவில்லை. கரையின் உச்சியில், முழங்கால் அளவு சேற்றில், லுவா கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கயிறு" என்றாள் தியெப்.

"தெரியுதுடி."

"விடும்மா."

"விட்டுட்டேன். நான் எப்பவோ விட்டுட்டேன். கைதான் விட மாட்டேங்குது."

லியெம் கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். விரலைப் பிரிக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் அவள் பிடித்த இடத்துக்கு முன்னால் தானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆளிடம் அப்படி ஒரு மனசு இருப்பது லுவாவுக்கே சில சமயம் மறந்துபோகும்.

படகில் தியெப் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மணப்பெண் வைக்கிற வட்டத் தலைப்பாகை கோணலாகிவிட்டிருந்தது, அதைச் சரிசெய்யக் கை நீட்டுகிற தூரத்தில் அம்மா இல்லை. அதற்குள் பக்கத்துப் படகில் ஏறிவிட்டிருந்த எட்டக்கா எட்டி அதைச் சரிசெய்தாள். நன்றாகவே செய்தாள். லுவா அதைப் பார்த்தாள்.

"சம்பந்தியம்மா" என்று கூப்பிட்டாள். "அவ விடியக்காலையில எந்திரிக்க மாட்டா. சத்தம் போடாதீங்க, போர்வையை மட்டும் இழுத்துடுங்க, எந்திரிச்சிடுவா."

"இழுத்துடறேன்" என்றாள் எட்டக்கா.

லுவா கயிற்றை விட்டாள். அது சேற்றில் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. தியெப் அதைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து மடியில் சுற்றிக்கொண்டாள், பட்டெல்லாம் சேறானது.